மலையமான் ஊரில் ஒரு மாஃபியா காதல்

போன பொங்கலுக்கு ஊருக்குப் போவதற்கு முந்தின வாரம் அக்கா போன் செய்தாள். "டேய், வந்தா மொதல்ல இந்தப் பொண்ணு போன்ல என்னதான் பண்ணுதுன்னு பாரு. ராத்திரி ஒரு மணி, ரெண்டு மணின்னு முழிச்சிக்கிட்டு கெடக்குது. நான் கேட்டா படிக்கிறேன்னு சொல்லுது. நீ கம்ப்யூட்டர்காரன், உனக்குத் தெரியும்."

மென்பொருள் எழுதுகிறவனுக்கு எல்லார் போனிலும் என்ன இருக்கிறது என்று தெரியும் என்பது காணையில் இன்னும் நம்பப்படும் விஷயம். ஆனால் அக்கா கேட்டது அது இல்லை என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். பெண் விழுப்புரத்தில் கல்லூரி இரண்டாம் ஆண்டு. யாரோடாவது பேசுகிறாளா? அதுதான் கேள்வி.

பேசவில்லை. நாவல்தான் படித்துக்கொண்டிருந்தாள். ஒளிக்காமல் போனை நீட்டினாள். எண்பது பாகத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த ஒரு தொடர்கதை. பெயர் வேண்டாம், அந்த வகையில் எந்தக் கதையை எடுத்தாலும் இதேதான். இரண்டு மாஃபியா குடும்பங்கள். ஒரு குடும்பத்தின் வாரிசு, ஆறடி இரண்டு அங்குலம், சிரிக்கவே மாட்டான். எதிரிக் குடும்பத்தில் ஒரு பெண், யாருக்கும் பயப்பட மாட்டாள். முதலில் கடத்தல். பிறகு ஒரு கட்டாயக் கல்யாணம். பிறகு காதல். கை ரத்தத்தைக் கழுவிவிட்டு வந்து அவளுக்குத் தலை துவட்டி விடுகிறான். ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும் ஒரு துப்பாக்கி யாரையாவது குறி பார்க்கிறது.

"இதுல என்னம்மா இருக்கு?" என்றேன்.

"படிச்சிப் பாருங்க மாமா, அப்புறம் சொல்லுங்க."

படித்தேன். அந்த மூன்று நாள் விடுமுறையில் நாற்பது பாகம் போனது. முதலில் கிண்டல் செய்யத்தான் ஆரம்பித்தேன். நடுவில் எங்கேயோ இந்தக் கதையை இதற்கு முன்பே கேட்டிருக்கிறோமே என்று தோன்றியது. ரோமியோ ஜூலியட்டும் இல்லை, காட்ஃபாதரும் இல்லை. இன்னும் பக்கத்தில். பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்விடும் தூரத்தில்.

*

முதலில் தூரத்துக் கதையை முடித்துவிடுவோம்.

பகைக் குடும்பத்துக் காதலர்கள் என்றதும் எல்லாருக்கும் ஞாபகம் வருவது வெரோனா. ஷேக்ஸ்பியர் 1590களில் நாடகமாக எழுதினார். அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே லூயிஜி தா போர்த்தோ என்ற இத்தாலியர் கிட்டத்தட்ட முழுக் கதையையும் எழுதியிருந்தார். அதற்கும் முன்னால், 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தாந்தே இந்த இரண்டு குடும்பப் பெயர்களையும் ஒரே மூச்சில் குறிப்பிடுகிறார். ஆனால் அங்கே காதல் இல்லை. இத்தாலி அடித்துக்கொண்டு அழிகிறதே என்று புலம்பும் இடத்தில்தான் அந்தப் பெயர்கள் வருகின்றன. ஆய்வாளர்கள் அவற்றை அரசியல் கோஷ்டிகளாகத்தான் பார்க்கிறார்கள். அதாவது முதலில் இருந்தது பகை மட்டும். காதலைப் பின்னால் வந்தவர்கள் சேர்த்தார்கள்.

மாஃபியா வந்தது இன்னும் பிந்தி. மரியோ பூசோவின் நாவல் 1969, கொப்போலாவின் படம் 1972, நமக்கு 'நாயகன்' 1987. இந்தக் கதைகளில் குடும்பம்தான் எல்லாம், காதல் ஓரத்தில் இருக்கும். அக்கா மகள் படிக்கும் கதைகள் அதைத் தலைகீழாக்கிவிட்டன. இப்போது காதல் நடுவில், கொலை ஓரத்தில்.

*

இனி பக்கத்துக் கதை. திருக்கோவிலூர். தென்பெண்ணைக் கரையில் இருக்கிறது. 2019 முதல் அது கள்ளக்குறிச்சி மாவட்டம், ஆனால் காணைக்காரர்களுக்கு அது இன்னும் நம்ம பக்கம்தான். சங்க காலத்தில் அதன் பெயர் கோவலூர். ஆண்டவன் மலையமான் திருமுடிக்காரி. கடையெழு வள்ளல்களில் ஒருவன் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம்.

பள்ளிக்கூடத்தில் சொல்லாதது, அவனுக்கு எங்கிருந்து அவ்வளவு சொத்து வந்தது என்பது. கபிலர் அவனைப் பாராட்டிப் பாடிய ஒரு புறப்பாட்டில் (122) விடை இருக்கிறது. மூவேந்தரில் யாராவது ஒருவர் தனக்குத் துணையாகப் போருக்கு வரச் சொல்லி ஆள் அனுப்புவார்களாம், பொருள் கொடுப்பார்களாம். அந்தப் பொருளும் பாடி வருகிறவர்களுக்குப் போய்விடும், கடைசியில் உனக்கென்று மிச்சம் உன் மனைவி மட்டும்தான் என்கிறார் கபிலர். இன்றைய பேச்சில் சொன்னால் காரி காசு வாங்கிக்கொண்டு சண்டைக்குப் போகும் ஆள். வாங்கியதை வாரி இறைத்ததால் வள்ளல்.

அவன் மட்டும் இல்லை. கொல்லிமலை ஓரியைக் கொன்று அந்த மலையைச் சேரனுக்குக் கொடுத்தவன் காரி. காரியின் கோவலூரை அடித்து நொறுக்கியவன் தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி. அந்தத் தகடூரை அழித்தவன் சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை. மூன்று பெரிய குடும்பங்கள், அவர்களுக்கு நடுவில் ஒரு டஜன் சின்னக் குடும்பங்கள். இன்றைக்கு இவனோடு கூட்டு, நாளைக்கு அவனோடு. மாட்டை ஓட்டிக்கொண்டு போவதில் போர் ஆரம்பிக்கும், அதற்கு வெட்சி என்று ஒரு தனித் திணையே உண்டு. நம் பக்கத்துச் செங்கம் வட்டாரத்தில் நிறைய நடுகற்கள் கிடைத்திருக்கின்றன. காலம் பிந்தியவைதான், பல்லவர் காலமும் அதை ஒட்டியும். ஆனால் அவற்றில் பலவற்றிலும் செத்தவன் மாடு பிடிக்கப் போய்ச் செத்தவன், அல்லது மாடு மீட்கப் போய்ச் செத்தவன்.

1985இல் சார்ல்ஸ் டில்லி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். அரசுகள் உருவான விதமும் அடியாள் கும்பல்கள் பாதுகாப்புப் பணம் வசூலிக்கும் விதமும் ஒன்றுதான் என்பது அதன் சாரம். ஐரோப்பாவை வைத்து எழுதினார். புறநானூற்றை யாராவது அவருக்குக் கொடுத்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

இந்தக் குடும்பங்களுக்கு நடுவில் பெண் எங்கே வருகிறாள்? பாரி கதையில் வருகிறாள். பறம்பு மலைத் தலைவன் பாரியை மூவேந்தரும் சேர்ந்து முற்றுகையிட்டார்கள். பெண் கேட்டார்கள், பாரி கொடுக்கவில்லை, அதனால் சண்டை என்பது மரபு சொல்லும் காரணம். பாரி செத்தான். அவன் மகள்களைக் கூட்டிக்கொண்டு கபிலர் கிளம்பினார். விச்சிக்கோ என்ற தலைவனிடம் போய், இவர்களைக் கட்டிக்கொள் என்றார். ஆகவில்லை. இருங்கோவேளிடம் போனார். அவனும் ஒப்பவில்லை, கபிலர் கோபமாகத் திட்டிவிட்டு வந்தார். கடைசியில் அந்தணர்களிடம் ஒப்படைத்துவிட்டு, பாரி இல்லாத உலகத்தில் இருக்க மாட்டேன் என்று உயிரை விட்டார்.

யோசித்தால் எளிதாகப் புரிகிறது. மூன்று பெரிய குடும்பங்களும் சேர்ந்து கொன்ற ஒருவனின் மகளைக் கட்டினால் அடுத்த முற்றுகை யார் வீட்டுக்கு? விச்சிக்கோ கெட்டவனாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. கணக்குப் போடத் தெரிந்தவனாக இருந்தால் போதும்.

திருக்கோவிலூர் கீழையூர் வீரட்டானேசுவரர் கோவிலில் முதலாம் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இந்தக் கதையின் கடைசிப் பகுதியை வேறு மாதிரி சொல்கிறது. அதன்படி கபிலர், பாரியின் அடைக்கலப் பெண்ணை மலையமான் குடிக்குக் கொடுத்துவிட்டு, அருகில் இருந்த ஒரு கல்லில் தீ மூட்டி இறங்கினார். ஆற்றுக்குள் ஒரு பாறை, அதன் மேல் ஒரு சின்னக் கோவில். கபிலர் குன்று என்று இன்றும் அதைத்தான் காட்டுகிறார்கள். கல்லூரி படிக்கும்போது நண்பர்களோடு போய், தண்ணீரில்லாத மணலில் நடந்து ஏறி, செல்ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு, வழியில் வாங்கிய மல்லாட்டைப் பொட்டலத்தைத் தின்றுவிட்டு வந்தோம். கல்வெட்டு இருப்பதே அப்போது தெரியாது.

அதே கல்வெட்டில் இன்னொரு பெண்ணும் இருக்கிறாள். ராஜராஜனின் தாய் வானவன் மாதேவி. மலையமான் குடியில் பிறந்தவள். கணவன் சுந்தர சோழன் இறந்ததும், பால் குடிக்கும் பிள்ளையைப் பிரிந்தாலும் கணவனைப் பிரியாமல் நெருப்புக்குள் போனாள் என்று அது புகழ்கிறது.

இதை வாசித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது புறநானூற்றின் 46ஆம் பாட்டு. கிள்ளிவளவன் என்ற சோழன், மலையமானின் சின்னப் பிள்ளைகளை யானையின் காலில் போட்டுக் கொல்லப் போகிறான். கோவூர் கிழார் குறுக்கே வந்து பாடுகிறார். யானையைப் பார்த்த பிள்ளைகள் அழுகையை மறந்துவிட்டன, புது இடத்துக் கூட்டத்தைப் பார்த்து மிரண்டு நிற்கின்றன என்கிறார். யானைக்குப் பயப்படக்கூடத் தெரியாத வயசு. அந்தச் சோழர் குடிக்கே, பல நூற்றாண்டு கழித்து, அந்த மலையமான் குடி ஒரு பெண்ணைக் கொடுத்தது. பகை சம்பந்தமாக மாறியது. அக்கா மகள் படிக்கும் நாவலில் இது ஐம்பதாவது பாகத்தில் வரும். கல்வெட்டில் வருவது அந்தப் பெண் தீயில் இறங்கிய பிறகு.

*

இங்கே ஒரு விஷயம் என்னை உறுத்தியது. இத்தனை பகைக் குடும்பங்கள் இருந்த சங்க இலக்கியத்தில், காதலுக்கென்றே ஐந்து திணை வைத்திருந்தவர்களிடம், பகைக் குடும்பத்துக் காதலர்கள் ஏன் இல்லை?

விதி அப்படி. அகத்தில் வரும் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் கிடையாது. பெயர் சொன்னால் அது அகம் இல்லை என்கிறது தொல்காப்பியம். பெயர் என்றால் குடி, குடி என்றால் ஊர், ஊர் என்றால் பகை. பெயர் வந்த அந்த நிமிடமே பாட்டு புறத்துக்குப் போய்விடும். சேரனுக்கும் சோழன் மகளுக்கும் நடந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்லும் ஆதிமந்தி கதையில்கூட எதிரி ஆறுதான். கணவனை வெள்ளம் அடித்துக்கொண்டு போகிறது, அவள் தேடிப் போகிறாள். இரண்டு வீட்டாரும் கதைக்குள்ளேயே வரவில்லை.

புறத்துக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு மகட்பாற்காஞ்சி என்று ஒரு துறை இருக்கிறது. புறநானூற்றின் 336ஆம் பாட்டிலிருந்து வரிசையாக இருபதுக்குப் பக்கம் இருக்கும். எல்லாவற்றிலும் ஒரே கதை. ஒரு பழைய குடி. அங்கே ஒரு அழகான பெண். வேந்தன் படையோடு வந்து கேட்கிறான். அப்பன் கொடுக்க மாட்டான். அண்ணன்மார் வேலைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த ஊர் அழியப் போகிறதே என்று புலவர் வருந்துகிறார். ஒரு பாட்டில் புலவர் பெண்ணின் அம்மாவைத் திட்டுகிறார், வளர்த்து அழகு பார்க்கிறாளே, வரப்போவது தெரியவில்லையே என்று. இன்னொன்றில் அண்ணன்மார், எங்களுக்கு நிகரில்லாதவனுக்குப் பெண் கிடையாது என்கிறார்கள்.

அந்தப் பாட்டுகளில் அந்தப் பெண் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. கபிலர் விச்சிக்கோவிடம் பேசுகிறார், இருங்கோவேளிடம் பேசுகிறார், செத்துப்போன பாரியிடம்கூடப் பேசுகிறார். பாரி மகளிர் பெயரில் ஒரே ஒரு பாட்டு (112) இருக்கிறது. போன மாத நிலவுக்கும் இந்த மாத நிலவுக்கும் நடுவில் அப்பாவும் போய், மலையும் போனதைச் சொல்லும் பாட்டு. கல்யாணத்தைப் பற்றி அதில் எதுவும் இல்லை. அங்கவை, சங்கவை என்று நாம் சொல்லும் பெயர்கள்கூடப் புறநானூற்றில் இல்லை, பின்னால் வந்தவை.

அகத்தில் பெண் பேசுவாள், ஆனால் பெயர் இருக்காது. புறத்தில் அவளுடைய குடிக்குப் பெயர் இருக்கும், அவள் பேச மாட்டாள். இரண்டாயிரம் வருஷம் முன்னால் போட்ட இந்தப் பிரிவை நாங்கள் காணையில் இன்னும் பின்பற்றுகிறோம் என்றுதான் தோன்றியது. வீட்டுக்குள் பெண்கள் எல்லாவற்றையும் பேசுவார்கள். ஜாதகம் எடுத்து, யார் வீடு, எந்தத் தெரு, என்ன ஆளுங்க என்று ஆரம்பித்ததும் எழுந்து உள்ளே போய்விடுவார்கள்.

*

விழுப்புரத்துக்கு அடுத்த ஜங்ஷன் விருத்தாசலம். 2003இல் நான் எட்டாம் வகுப்பு. அந்த வருடம் ஜூலை 8ஆம் தேதி விருத்தாசலம் பக்கத்தில் நடந்ததைப் பெரியவர்கள் எங்கள் முன்னால் பேச மாட்டார்கள். முருகேசன் கெமிக்கல் இன்ஜினியரிங் முடித்தவர், தலித். கண்ணகி வன்னியர், பட்டதாரி. மே மாதம் யாருக்கும் சொல்லாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். பெண்ணின் வீட்டார் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து, ஊர் பார்க்க, இருவருக்கும் விஷம் ஊற்றிக் கொன்று, உடல்களை எரித்தார்கள். வழக்கு சிபிஐக்குப் போனது. தண்டனை வந்தது 2021இல், பதினெட்டு வருடம் கழித்து. தண்டனை பெற்றவர்களில் காவல்துறையினரும் இருந்தார்கள். பெண்ணின் அண்ணனுக்கு விதித்த மரண தண்டனையை உயர் நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்தது. உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தண்டனைகளை உறுதி செய்தது.

நான் இன்ஜினியரிங் சேர்ந்தபோது பாட்டி சொன்னாள், "படிச்சா எல்லாம் சரியாப் போயிடும்." முருகேசனும் இன்ஜினியர்தான் என்பது எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. எனக்கு ஞாபகம் வர வேண்டிய தேவை இல்லாத இடத்தில் நான் பிறந்திருந்தேன் என்பதும் ஒரு காரணம்.

இதை மாஃபியாவோடு ஒப்பிடுவது தப்பு என்று சிலர் சொல்லலாம். நிஜ மாஃபியாவிலும் காதல் இப்படித்தான் இருக்கிறது. தெற்கு இத்தாலியின் கலாப்ரியாவில் லேயா கரோஃபாலோ என்ற பெண், ஒரு மாஃபியா குடும்பத்தில் பிறந்தவள். சின்ன வயதிலேயே கார்லோ கோஸ்கோ என்பவனைக் காதலித்து அவனோடு மிலானுக்குப் போனாள். அவனும் அதே தொழில். 2002இல் அவள் போலீஸிடம் எல்லாவற்றையும் சொன்னாள். 2009 நவம்பரில் மிலானில் கோஸ்கோவின் ஆட்கள் அவளைக் கொன்றார்கள். அவர்களுடைய மகளைக் கண்காணிக்க அப்பன் ஓர் இளைஞனை அனுப்பினான். அந்தப் பெண் அவனைக் காதலித்தாள். அம்மாவைக் கொன்றவர்களில் அவனும் ஒருவன் என்று பிறகுதான் தெரிந்தது. அவள் நீதிமன்றத்தில் அப்பாவுக்கும் எதிராக, காதலனுக்கும் எதிராகச் சாட்சி சொன்னாள். கடைசியில் அவனும் உண்மையைச் சொன்னான், உடல் எங்கே என்று காட்டினான்.

மகட்பாற்காஞ்சியின் பெண் ஒருமுறை வாயைத் திறந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்த உதாரணம் அந்தச் சாட்சிக் கூண்டுதான்.

*

கிளம்புகிற அன்று காலை இதையெல்லாம் அக்கா மகளிடம் சொன்னேன். கொஞ்சம் பிரசங்கமாகத்தான் போயிருக்கும். நிஜத்தில் இப்படி, உன் நாவலில் வரும் ஹீரோ மாதிரி ஆட்கள்தான் நிஜத்தில் அந்த அண்ணன்மார், கொலைகாரனை எதுக்கு அழகா எழுதறாங்க, என்கிற மாதிரி.

அவள் முறுக்கைக் கடித்துக்கொண்டே கேட்டாள்.

"எல்லாம் சரி மாமா. நீங்க சொன்ன கதையில ஒரு ஜோடியாவது உயிரோட இருக்கா?"

நான் பதில் சொல்லவில்லை.

"இதுல கடைசியில ரெண்டு பேரும் உயிரோட இருப்பாங்க. அது மொதப் பாகத்துலயே தெரியும். அதுக்குத்தான் படிக்கிறேன். அவன் ரவுடியா இருந்தாத்தான் அவங்க வீட்டு ஆளுங்க கிட்ட வர மாட்டாங்க. நல்லவனா இருந்தா அடிச்சே போட்ருவாங்கல்ல?"

சென்னை பஸ்ஸில் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். கொலையை ரசிக்கிறாள் என்று நான் நினைத்தேன். அவள் பார்த்தது வேறு. காதலித்தவள் சாகாமல் இருக்க வேண்டுமென்றால் காதலனுக்கு ஒரு படையே தேவைப்படும் என்ற கணக்கை அவள் யாரும் சொல்லித்தராமல் போட்டு வைத்திருக்கிறாள். அந்தக் கணக்கில் எனக்கு இப்போதும் ஒப்புதல் இல்லை. கையில் துப்பாக்கி உள்ளவன் முதலில் அவள் வீட்டாரை நிறுத்துவான், பிறகு அவளையே நிறுத்துவான். கோஸ்கோ செய்தது அதுதான். ஆனால் கணக்கில் தப்பு என்று சொல்வதற்கு முன்னால், அவளுக்கு அந்தக் கணக்கைக் கொடுத்தது யார் என்று கேட்க வேண்டும்.

நற்றிணையில் (362) ஓர் உடன்போக்குப் பாட்டு உண்டு. காட்டு வழியில் அவளைக் கூட்டிக்கொண்டு போகிறவன் சொல்கிறான், யாராவது சண்டைக்கு வந்தால் பயப்படாமல் விரட்டுவேன், உன் வீட்டு ஆட்கள் வந்தால் ஒளிந்துகொள்வேன் என்று. மாஃபியா ஹீரோ இந்த வசனத்தைப் பேசினால் வாசகிகள் கதையை விட்டே போய்விடுவார்கள். எனக்கோ தமிழில் ஒரு காதலன் சொன்னதில் இதுதான் பெரியது. அவள் ஆட்கள் மேல் கை வைக்க மாட்டேன், ஏனென்றால் அவர்கள் அவளுடைய ஆட்கள். ஆனால் அதைச் சொல்ல அவனுக்கு ஒளிய ஒரு காடு இருந்தது. இப்போது எல்லா இடத்திலும் சிசிடிவி, எல்லார் கையிலும் போன்.

திண்டிவனம் தாண்டும்போது அக்கா கூப்பிட்டாள்.

"என்னடா, பார்த்தியா? என்னதான் பண்ணுது?"

அந்த நேரத்தில்தான் உறைத்தது. அந்தப் பாட்டுகளில் எல்லாம் நான் எங்கே நிற்கிறேன் என்று தேடிக்கொண்டு வந்திருக்கிறேன். புலவர் இடத்தில், கபிலர் இடத்தில் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. போனைப் பார்த்துவிட்டு வா என்று வீட்டார் அனுப்பிய ஆள் நான். வேல் மட்டும்தான் கையில் இல்லை.

"நாவல் படிக்குதுக்கா. வேற ஒண்ணும் இல்ல."

"நெஜமாவா?"

"நெஜமாத்தான். அப்படி ஏதாச்சும் இருந்தா அது உன்கிட்டயே சொல்லும். சொன்னா உட்கார்ந்து கேளு. எனக்குப் போன் பண்ணாத, அதுகிட்ட பேசு."

அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சாப்பிட்டாயா என்று கேட்டாள்.